அங்குர் (1974)

'அங்குர்' ஷியாம் பெனகல் எழுதி இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம். முளை என்பது தலைப்பின் பொருள். ஹைதராபாத்தை ஒட்டிய தெலங்கானா கிராமம் ஒன்றில் பண்ணையார் வீட்டுப் பிள்ளை, அவனிடம் வேலை செய்யும் பெண், காது கேளாத, வாய் பேசாத அவள் கணவன் ஆகிய மூவரைச் சுற்றி நடக்கும் கதை இது. ஷபானா ஆஸ்மி, அனந்த் நாக், சாது மெஹர் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். எழுபதுகளில் இந்தியில் எழுந்த மாற்று சினிமாவின் தொடக்கப் படங்களில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. அந்த வரிசையில் வந்த பல படங்கள் இன்று பாடத்திட்டத்தில் மட்டுமே வாழ்கின்றன. 'அங்குர்' இன்றும் பார்க்கப்படுவதற்கு முதற்காரணம் அதில் உள்ள நடிப்பு.

இயக்குநரும் ஊரும்

பெனகல் 1934 டிசம்பர் 14 அன்று, நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில், இன்று செகந்திராபாத்தின் பகுதியாக உள்ள திருமலகிரியில் பிறந்தார். கொங்கணி பேசும் குடும்பம். தந்தை ஸ்ரீதர் பெனகல் புகைப்படக் கலைஞர். அவருடைய கேமராவைக் கொண்டு பன்னிரண்டு வயதிலேயே மகன் ஒரு சிறு படம் எடுத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். திரைப்பட இயக்குநர் குரு தத் இவருக்கு உறவினர். நிஜாம் கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்ற பெனகல், ஹைதராபாத் ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1959இல் பம்பாய்க்குப் போய் லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுபவராகச் சேர்ந்தார். பிறகு நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களையும் ஆவணப்படங்களையும் எடுத்தார். புனே திரைப்படக் கல்லூரியில் பாடமும் நடத்தினார்.

இந்தக் கதையின் கரு ஹைதராபாத் வட்டாரத்தில் ஐம்பதுகளில் நடந்த ஓர் உண்மைச் சம்பவம். கல்லூரி நாள்களில் அதைச் சிறுகதையாக எழுதி வைத்திருந்த பெனகல், பின்னர் திரைக்கதையாக்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் தயாரிப்பாளர்களிடம் சுமந்து திரிந்தார். கடைசியில் கை கொடுத்தது பிளேஸ் நிறுவனம். திரையரங்குகளில் இடைவேளைக்கு முன்னும் பின்னும் ஓடும் விளம்பரப் படங்களை விநியோகித்து வந்த நிறுவனம் அது. அதன் மோகன் பிஜ்லானியும் ஃப்ரெனி வரியாவாவும் தயாரிப்பாளர்களாயினர். இது சிறிய செய்தியல்ல. அக்காலத்தில் மாற்றுப் படம் என்றால் அரசின் திரைப்பட நிதிக் கழகம் கொடுக்கும் கடனை நம்பித்தான் எடுக்க வேண்டும். எடுத்தாலும் கொட்டகை கிடைக்காமல் பெட்டிக்குள் கிடக்கும். 'அங்குர்' தனியார் பணத்தில் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, டிக்கெட் வாங்கும் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டு, போட்ட முதலையும் மீட்டது. அதன் பின்னர் வந்தவர்களுக்கு அது தந்த தெம்பைக் கணக்கிட முடியாது.

கதை

காட்டுக் கோயில் திருவிழாவில் பிள்ளை வரம் வேண்டி நிற்கும் லட்சுமியுடன் படம் தொடங்குகிறது. அவள் கணவன் கிஷ்டய்யா குயவன். அலுமினியப் பாத்திரங்கள் வந்தபின் மண்பாண்டம் வாங்க ஆளில்லை. தொழில் படுத்தது, குடி பிடித்துக்கொண்டது. இருவரும் பண்ணையாருடைய கிராமத்து வீட்டை ஒட்டிய குடிசையில் இருந்துகொண்டு அங்கே வேலை பார்க்கிறார்கள்.

பண்ணையாரின் மகன் சூர்யா பட்டணத்தில் படிப்பை முடித்து வருகிறான். வயதுக்கு வராத சிறுமி சருவை அவனுக்குக் கட்டிவைத்து, நிலத்தைப் பார்த்துக்கொள்ளும்படி தந்தை கிராமத்துக்கு அனுப்புகிறார். மனைவி பருவமடைந்த பின்புதான் வந்து சேருவாள். தந்தைக்கு அதே ஊரில் கௌசல்யா என்றொரு பெண்ணும் அவள் வழியே ஒரு மகனும் உண்டு. நல்ல நிலத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சூர்யாவின் மனதில் தந்தை மீதுள்ள கசப்பு அங்கிருந்து வருகிறது.

சாதியில் நம்பிக்கை இல்லை என்று சொல்லி லட்சுமியின் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கிறான் சூர்யா. சமையலும் அவளே செய்யட்டும் என்கிறான். உணவு அனுப்பி வைக்கிறேன் என்று வரும் ஊர்ப் புரோகிதரின் பேச்சைத் தட்டிவிடுகிறான். அதே சூர்யா, கள் திருடிய கிஷ்டய்யாவுக்கு மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடச் சொல்கிறான். அவமானம் தாங்காமல் கிஷ்டய்யா ஊரைவிட்டே போய்விடுகிறான். தனித்து நிற்கும் லட்சுமியுடன் சூர்யாவுக்கு உறவு ஏற்படுகிறது. கடைசி வரை உன்னைக் காப்பாற்றுவேன் என்கிறான்.

சரு வந்து சேர்கிறாள். லட்சுமி கருவுற்றிருக்கிறாள். கருவைக் கலைத்துவிடச் சொல்கிறான் சூர்யா. அவள் மறுக்கிறாள். வேலையிலிருந்து நீக்கப்பட்டுப் பசியில் அரிசி திருடிப் பிடிபடுகிறாள். இந்நிலையில் குடியை விட்டு, கையில் கொஞ்சம் காசோடு கிஷ்டய்யா திரும்புகிறான். மனைவியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து மகிழ்கிறான், கோயிலுக்குப் போய் வணங்குகிறான், வேலை கேட்க எண்ணிப் பண்ணை வீட்டை நோக்கி நடக்கிறான். கையில் ஒரு கோல். சிறுவர்களோடு பட்டம் விட்டுக்கொண்டிருக்கும் சூர்யாவின் கண்ணில் அந்தக் கோல் படுகிறது. பழிவாங்க வருகிறான் என்ற பயத்தில் ஆட்களை விட்டுப் பிடிக்கச் செய்து கயிற்றால் விளாசுகிறான். ஓடிவரும் லட்சுமி கணவனை அணைத்துக்கொண்டு பண்ணை வீட்டு வாசலில் நின்று சாபமிடுகிறாள். எல்லாரும் கலைந்தபின் ஒரு சிறுவன் கல்லெடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுகிறான். திரை சிவப்பாகிறது.

இடையே ஒரு கிளைக்கதையும் உண்டு. வேறு சாதிக்காரனோடு போனதற்காக ராஜம்மா என்பவள் பஞ்சாயத்தில் நிறுத்தப்படுகிறாள். பிள்ளை வேண்டும், கணவனால் முடியவில்லை என்று சபையில் வெளிப்படையாகச் சொல்கிறாள். அவளுக்கு நேரும் கதி, லட்சுமிக்கு முன்னால் உள்ள வழிகள் எத்தனை குறுகியவை என்பதைப் பார்வையாளருக்குக் காட்டிவிடுகிறது.

நடிப்பு

லட்சுமி வேடத்துக்கு முதலில் அணுகப்பட்டவர்களில் வஹீதா ரஹ்மானும் ஒருவர். அவரும் வேறு சிலரும் மறுத்தபின், 1972இல் புனே திரைப்படக் கல்லூரியில் படிப்பை முடித்திருந்த ஷபானா ஆஸ்மியிடம் அந்த வேடம் வந்தது. அவர் உருதுக் கவிஞர் கைஃபி ஆஸ்மிக்கும் நாடக நடிகை ஷௌகத் கைஃபிக்கும் மகள். பிறந்தது ஹைதராபாத், தாய்வழிச் சொந்தமும் அங்கேதான், வளர்ந்தது பம்பாயில். பார்ப்பதற்கு மாடல் அழகிபோல இருக்கிறாரே, கிராமத்துப் பெண்ணாக ஒத்துவருமா என்று பெனகலுக்கே ஐயம் இருந்தது. வயல்வேலை செய்யும் பெண்கள் மணிக்கணக்கில் குந்தி உட்கார்வது பட்டணத்துப் பெண்ணுக்கு எளிதல்ல. அதைப் பழகி உடம்பில் ஏற்றிக்கொள்ளும்படி இயக்குநர் வற்புறுத்தினார். படத்தில் அந்தப் பயிற்சியின் பலன் ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது. அடுப்பின் முன் அமர்வதும் தலைச் சுமையோடு நடப்பதும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவதும் நடித்துக் காட்டியவையாக இல்லை.

லட்சுமியை அப்பாவியாகவோ தியாகியாகவோ ஷபானா ஆக்கவில்லை என்பதே இந்நடிப்பின் சிறப்பு. பண்ணை வீட்டில் தனக்குக் கிடைக்கும் மதிப்பை அவள் ரசிக்கிறாள். சூர்யாவின் பார்வை எங்கே போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். கணவனை ஏசுவாள், அவனுக்காக அழவும் செய்வாள். பிள்ளை வேண்டும் என்ற ஆசை அவளுடையது. கருவைக் கலைக்க மறுப்பதும் அந்த ஆசையால்தான், சூர்யாவின்மீதுள்ள பற்றால் அல்ல. முதல் ஒன்றரை மணி நேரம் குரலை உயர்த்தாமல் கண்ணாலேயே பேசிவந்த நடிகை, இறுதிக் காட்சியில் தொண்டை கிழியக் கத்தும்போது அது பொருந்தாமல் போயிருக்கலாம். போகவில்லை. அரிசி திருடிப் பிடிபடும் காட்சியின் கூனிக்குறுகிய மௌனம் அந்தக் கத்தலுக்கு முன்கூட்டியே நியாயம் சேர்த்துவிட்டது. சத்யஜித் ராய், புதிய இந்தியப் படங்களைப் பற்றி 1974இல் எழுதிய கட்டுரையில் ஷபானாவின் நடிப்பைத் தனியே பாராட்டினார்.

சாது மெஹர் ஒடிசாக்காரர். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969) படத்தில் நடித்துத் தெரியவந்தவர். கிஷ்டய்யாவுக்கு வசனம் கிடையாது. காது கேளாத, வாய் பேசாத பாத்திரம் இந்திப் படத்துக்குப் புதிதல்ல. இரண்டாண்டுகளுக்கு முன்புதான் 'கோஷிஷ்' படத்தில் சஞ்சீவ் குமார் அப்படி நடித்துத் தேசிய விருது பெற்றிருந்தார். தமிழில் அதுவே பின்னர் கமல்ஹாசன், சுஜாதா நடிக்க 'உயர்ந்தவர்கள்' (1977) ஆனது. அங்கே குறைபாடுதான் கதை. 'அங்குர்' படத்தில் அது கதையின் மையமல்ல. கிஷ்டய்யாவின் வறுமையும் குடியும் அவன் சாதியும் அவனை ஏற்கெனவே பேச முடியாதவனாக்கி வைத்திருக்கின்றன. மெஹர் இரக்கத்தைக் கேட்டு வாங்குவதில்லை. குடித்துவிட்டுச் சுருண்டு கிடக்கும்போது எரிச்சலூட்டுகிறார். கழுதைமேல் உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் அழுகைகூட இல்லை, என்ன நடக்கிறது என்று விளங்காதவன்போலப் பார்க்கிறார். திரும்பி வந்து லட்சுமியின் வயிற்றில் கைவைக்கும் கணத்தில் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? மெஹர் அதற்கு விடை தரவில்லை. தராததால்தான் அடுத்து விழும் கயிற்றடி பார்ப்பவர் முதுகிலும் விழுகிறது.

விருதுகள் இவ்விருவருக்கும் போயின. ஆனால் படத்தைத் தாங்கி நிற்பவர் அனந்த் நாக் என்று சொல்ல இடமுண்டு. பம்பாய் மேடைகளில் நடித்துவந்த அவருக்கு அப்போது வயது இருபத்தைந்தை ஒட்டியிருந்தது. கன்னடத்தில் 'சங்கல்ப' முன்பே வந்திருந்தாலும் இந்தியில் இதுவே முதல் படம். மீசை முறுக்கிச் சாட்டை சுழற்றும் ஜமீன்தாரை இந்திப் படங்கள் ஆயிரம் முறை காட்டியிருக்கின்றன. அனந்த் நாக்கின் சூர்யாவுக்கு அழகான முகம், மென்மையான பேச்சு, நவீனக் கருத்துகள். சாதி பார்க்கமாட்டேன் என்று அவன் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. அந்தக் கருத்துக்கு விலை கொடுக்க வேண்டிய நாள் வரும்வரை உண்மையாகவே அப்படி நம்புகிறான். தந்தையைப் பார்க்கப் பயம், ஊர் வாயைப் பார்க்கப் பயம், பிறகு பதின்வயது மனைவியைப் பார்க்கவும் பயம். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு சிறு அசட்டுச் சிரிப்போ பார்வை விலகலோ வைத்திருக்கிறார் நடிகர். சரு வந்த பிறகு லட்சுமி எதிரே வந்தால் அவன் கண்கள் எங்கே போகின்றன என்பதைக் கவனித்தாலே போதும். இறுதியில் கிஷ்டய்யாவை அவன் அடிப்பது கோபத்தால் அல்ல, நடுக்கத்தால். அடித்து முடித்துவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நிற்கும் அவனைப் பார்த்தால் வெறுப்போடு பரிதாபமும் சேர்ந்தே வருகிறது. கொடுமைக்காரனை இப்படிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக ஆக்கியிராவிட்டால் படம் ஒரு பிரசாரத் துண்டாகச் சுருங்கியிருக்கும்.

துணை வேடங்களில் பண்ணையாராக வரும் காதர் அலி பேக் ஹைதராபாத் நாடக உலகின் பெரும் பெயர். சருவாக வரும் பிரியா டெண்டுல்கர் மராட்டி நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கரின் மகள். எண்பதுகளில் தூர்தர்ஷனின் 'ரஜனி' தொடரால் நாடெங்கும் அறியப்பட்டார். வந்த முதல் நாளே அடுக்களையைத் தன் ஆட்சிக்குக் கொண்டுவரும் சிறுமியாக அவர் காட்டும் கண்டிப்பு, பண்ணை வீட்டின் அதிகாரம் அடுத்த தலைமுறைப் பெண்களிடமும் எப்படிக் கைமாறுகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

மொழி, காட்சி, ஒலி

வசனங்களை எழுதியவர் நாடக இயக்குநர் சத்யதேவ் துபே. பாத்திரங்கள் பேசுவது வடநாட்டு இந்தி அல்ல, ஹைதராபாத்தின் தக்கணி. தெலுங்கும் மராட்டியும் கன்னடமும் தொட்டுச் சென்ற இந்த உருது வழக்கின் உறவு மொழியை ஆம்பூர், வேலூர்த் தெருக்களில் கேட்டுப் பழகிய தமிழர்களுக்கு 'நக்கோ'வும் 'கைகு'வும் அந்நியமாக இராது. அதுவரை இந்திப் படங்களில் இந்தப் பேச்சு பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே பயன்பட்டது. காதலும் பயமும் சாபமும் அதே மொழியில் சொல்லப்படலாம் என்று 'அங்குர்' நிறுவியது. தெலங்கானாவின் வீடுகளில் இவர்கள் தெலுங்கு பேசுவார்களே என்ற கேள்வி நியாயமானது. இந்திப் படச் சந்தைக்கும் மண்ணின் பேச்சுக்கும் நடுவே தக்கணியைப் பாலமாக்கியது பெனகலின் சமரசம், நல்ல சமரசம்.

ஒளிப்பதிவு கோவிந்த் நிஹலானி. குரு தத்தின் ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தியிடம் உதவியாளராக இருந்தவர், பின்னாளில் 'ஆக்ரோஷ்' (1980), 'அர்த் சத்யா' (1983) படங்களின் இயக்குநர். ஸ்டூடியோ செட் இல்லை. பச்சை வயல்களும் கருங்கற்பாறைகளும் பனைமரங்களும் பழைய வீட்டின் இருண்ட அறைகளும் உள்ளபடி பதிவாயின. இசை வன்ராஜ் பாட்டியா. லண்டனில் மேற்கத்திய இசை பயின்று விளம்பரங்களுக்கு இசையமைத்து வந்தவர். பின்னணி இசை மிகக் குறைவு. இந்திப் படத்துக்குரிய பாட்டும் நடனமும் அறவே இல்லை. பறவைக் குரலும் கிணற்றடிச் சத்தமும் நிரப்பும் அந்த இடைவெளிகளில்தான் நடிகர்களின் முகங்களுக்கு வேலை கூடுகிறது.

காலப் பின்னணி

நிஜாம் ஆட்சியில் தெலங்கானா நிலம் பெருமளவு ஜாகீர்தார்கள், தேஷ்முக்குகள் கையில் இருந்தது. ஊழியச் சாதியினர் கூலியின்றி உழைக்கும் வெட்டி முறை நிலவியது. அதை எதிர்த்து 1946 முதல் 1951 வரை கம்யூனிஸ்டுகள் தலைமையில் விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் நடந்தது. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1949இல் ஜாகீர்முறை ஒழிக்கப்பட்டது, 1950இல் குத்தகைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் ஊருக்குள் பண்ணையார் பண்ணையாராகவே இருந்தார். படம் காட்டுவது இந்த இடைக்காலத்தை. கொடியோ கோஷமோ படத்தில் இல்லை. எனினும் அறுபதுகளின் இறுதியில் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் நக்சல்பாரி வழி எழுச்சியைக் கண்டிருந்த 1974இன் பார்வையாளர்கள், சிறுவன் எறிந்த கல்லை வேறு எப்படிப் புரிந்துகொண்டிருக்க முடியும்?

வரவேற்பும் விமர்சனமும்

பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் 1974இல் 'அங்குர்' இடம்பெற்றது. அவ்வாண்டுக்கான தேசிய விருதுகளில் இரண்டாவது சிறந்த படமாகத் தேர்வானது. முதலிடம் மிருணாள் சென்னின் 'கோரஸ்' படத்துக்கு. சிறந்த நடிகை ஷபானா ஆஸ்மி, சிறந்த நடிகர் சாது மெஹர். பேசாத வேடத்துக்கு விருது வந்ததும் முதல் படத்திலேயே ஷபானா விருது வாங்கியதும் அன்று பெரிதாகப் பேசப்பட்டன. அனந்த் நாக் வெறுங்கையோடு நின்றார்.

குறைகளும் சொல்லப்பட்டன. விளம்பர உலகிலிருந்து வந்தவரின் கண் வறுமையையும் சற்று அழகாகவே படம்பிடித்துவிட்டது என்பது ஒன்று. கல்லெறியும் முடிவு அதுவரையிலான நுட்பத்துக்குப் பொருந்தாமல் பொருளை உரக்கச் சொல்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதில் நியாயம் உண்டு. லட்சுமியின் சாபத்தோடு நிறுத்தியிருந்தாலும் படம் முழுமையாகவே இருந்திருக்கும்.

தமிழ் வாசகர் ஒப்பிட்டுப் பார்க்க அதே 1974இல் வந்த 'திக்கற்ற பார்வதி' உண்டு. ராஜாஜியின் கதையை சிங்கீதம் சீனிவாசராவ் படமாக்கினார். நடிகை லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தனர். அங்கும் குடியில் அழியும் கணவன், துணையின்றி நிற்கும் மனைவி. ஆனால் அங்கே குற்றவாளி மது. 'அங்குர்' படத்தில் கள் ஒரு சாக்கு மட்டுமே. கிஷ்டய்யாவைத் துரத்துவது கள்ளுப்பானைக்குச் சொந்தக்காரன் யார் என்ற கேள்வி.

பின்வந்தவை

'நிஷாந்த்' (1975), 'மந்தன்' (1976) இரண்டையும் 'அங்குர்' படத்தோடு சேர்த்துக் கிராமப்புற முப்படத் தொகுதி என்பது வழக்கம். 'நிஷாந்த்' மீண்டும் தெலங்கானா பண்ணையாதிக்கத்தையே எடுத்துக்கொண்டு 1976 கான் விழாப் போட்டியில் கலந்துகொண்டது. 'மந்தன்' குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியது. ஐந்து லட்சம் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டுத் தயாரித்தது. பெனகல் பின்னர் போச்சம்பள்ளி நெசவாளர்களை வைத்து 'சுஸ்மன்' (1987) எடுத்தார். 2005ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்ற அவர் 2024 டிசம்பர் 23 அன்று மும்பையில் காலமானார். அதே ஆண்டு பிப்ரவரியில் சாது மெஹர் மறைந்திருந்தார்.

ஷபானா 'அர்த்', 'கந்தர்', 'பார்', 'காட்மதர்' படங்களுக்காக மேலும் நான்கு முறை தேசிய விருது வாங்கினார். அனந்த் நாக் கன்னடத் திரையுலகின் முன்னணி நடிகராக நிலைபெற்றார். தம்பி சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடரிலும் நடித்தார். 2025இல் பத்மபூஷண் பெற்றார்.

தெலங்கானாவின் சொந்த மொழியில் இக்கருவைத் தொட்டவர்களில் முக்கியமானவர் பி. நரசிங் ராவ். கௌதம் கோஷ் இயக்கிய 'மா பூமி'யைத் தயாரித்த அவர், 1988இல் 'தாசி' படத்தை இயக்கினார். பண்ணையார் மாளிகையில் அடிமையாக உழைக்கும் பெண் அந்தப் பண்ணையாராலேயே கருவுற்று, கருவைக் கலைக்கும்படி கட்டாயப்படுத்தப்படுகிறாள். லட்சுமிக்கு இருந்த மறுக்கும் உரிமைகூட அவளுக்கு இல்லை. அவ்வேடத்தில் நடித்தவர், பாலு மகேந்திராவின் 'வீடு' படத்துக்காக முந்தைய ஆண்டு தேசிய விருது பெற்றிருந்த அர்ச்சனா. 'தாசி'க்காகவும் அவருக்கே அவ்விருது கிடைத்தது.